மஞ்சள் காய்ச்சல் கடிதங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகரின் மதிப்பீடு

வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ நூலகம் பாதுகாத்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் கடிதத் தொகுப்பைக் கடந்த மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப்புகை அடித்துச் சென்ற ஒரு மாலையில், இந்த ஏடிஸ் கொசுவின் மீது முதன்முதலில் குற்றத்தை நிறுவியவர்கள் யார் என்று பேரன் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தொகுப்பிடம் கொண்டு சேர்த்தது. டிங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டி கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. இந்நோய் ஆசியாவில் வேரூன்றாததால் நம்மவர்களில் பலர் இதை மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். என் மனைவியும் முதல் வாரம் முழுவதும் கீழாநெல்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இத்தொகுப்பைத் திரட்டியவர் பிலிப் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர். கார்ட்டிசோன் தொடர்பான ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூட்டுநோய் வல்லுநர் அவர். மஞ்சள் காய்ச்சல் அவருடைய துறையே அன்று. ஆயினும் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1965இல் மறையும் வரை, 1900ஆம் ஆண்டு கியூபாவில் நடந்த சோதனைகளில் பங்கேற்று அப்போது உயிரோடிருந்தவர்களையும், மறைந்தவர்களின் குடும்பத்தாரையும் தேடித் தேடிக் கடிதம் எழுதினார்; அவர்கள் பெட்டிகளில் வைத்திருந்த பழைய கடிதங்களையும் படங்களையும் பெற்றுச் சேர்த்தார். அவர் மறைந்தபின், அந்தச் சோதனைகளை நடத்திய குழுவின் தலைவர் வால்ட்டர் ரீட் 1869இல் மருத்துவப் பட்டம் பெற்ற வெர்ஜீனியா பல்கலைக்கழகத்திற்கே அவற்றை அவருடைய மனைவி வழங்கிவிட்டார். ஆகவே இங்கே இரண்டு அடுக்குக் கடிதங்கள் உள்ளன. ஒன்று, 1900இல் எழுதப்பட்டவை. மற்றொன்று, நாற்பது ஆண்டுகள் கழித்து அவற்றைப் பற்றிக் கேட்டும் பதில் சொல்லியும் எழுதப்பட்டவை. இரண்டாவது அடுக்கைப் பலர் புரட்டாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

தொகுப்பின் உயிர் ஜெஸ்ஸி லாசியர் என்ற இளம் மருத்துவர் எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. அமெரிக்க இராணுவம் ஹவானாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் ரீட், ஜேம்ஸ் கரோல், அரிஸ்டிடெஸ் அக்ரமான்டே, லாசியர் என நால்வர் இருந்தனர். கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, கொசுவே இந்நோயைக் கடத்துகிறது என்று 1881இலேயே சொல்லியிருந்தும் இருபது ஆண்டுகள் அவரைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவர் தந்த முட்டைகளிலிருந்துதான் இக்குழு கொசுக்களை வளர்த்தது. 1900 ஆகஸ்டு 27 அன்று கரோல் ஒரு கொசுவுக்குத் தம் கையைக் கொடுத்து, நோயுற்று, சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். அதன்பின் செப்டம்பர் 8 அன்று லாசியர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான கிருமியின் தடத்தில் தாம் சென்றுகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்றும், அதைப் பற்றி எவரிடமும் ஒரு குறிப்புக்கூடக் காட்டிவிட வேண்டாம் என்றும் சொல்கிறார். பதினேழாம் நாள், செப்டம்பர் 25 அன்று, முப்பத்து நான்கு வயதில், அதே நோயில் அவர் இறந்தார். அப்போதுதான் பிறந்திருந்த மகளை அவர் பார்க்கவே இல்லை.

மருத்துவமனையில் தற்செயலாக ஒரு கொசு கடித்ததால் அவருக்கு நோய் வந்தது என்றே அப்போது வெளியான அறிக்கை கூறியது. அவரே தம்மீது சோதனை செய்துகொண்டாரா என்ற ஐயம் பின்னர் எழுந்து, இன்றுவரை முற்றிலும் தீரவில்லை. ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாக அடங்கிவிட்ட ஒரு மரணம், கடிதங்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது மட்டுமே மறுபடி கேள்வியாக மாறுகிறது. ஹென்ச் இதற்கு ஒரு முடிவைத் திணிக்காமல், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நினைவுகளையும் அப்படியே சேர்த்து வைத்திருப்பதற்காக இத்தொகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

லாசியரின் பெயரில் 1900 நவம்பரில் அமைந்த முகாமைப் பற்றிய பகுதி நிறைவாக இருக்கிறது. அங்கே இரண்டு சிறு கட்டடங்கள் எழுப்பப்பட்டன. ஒன்றில், நோயாளிகளின் வாந்தியும் கழிவும் படிந்த படுக்கை, போர்வைகளுக்கு நடுவே தொண்டர்கள் இருபது இரவுகள் படுத்துறங்கினார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. மற்றொன்று கம்பி வலையால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கொசுக்கள் இருந்த பக்கத்தில் டிசம்பர் 21 அன்று படுத்த ஜான் மோரான், கிறிஸ்துமஸ் நாளில் காய்ச்சலோடு எழுந்தார். வலைக்கு மறுபக்கம் இருந்தவர்கள் நலமாகவே இருந்தார்கள். துணியும் படுக்கையும் அல்ல, கொசுவே நோயைக் கொண்டுவருகிறது என்பதை இதைவிட எளிமையாகப் பேரனுக்கு விளக்க என்னால் முடிந்திருக்காது. சோதனைக்கான பணத்தை மறுத்த மோரான் பிற்காலத்தில் ஹென்ச்சின் நெருங்கிய நண்பரானார். இருவரும் கியூபாவில் அலைந்து அந்த முகாமின் இடத்தைக் கண்டறிந்தார்கள், எஞ்சியிருந்த கட்டடம் 1952இல் நினைவிடமானது. கடிதம் எழுதுபவர் கடைசியில் நிலத்தையும் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ரீட் 1900 டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டித் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதே நோயைப் பற்றி 1853இல் எழுதப்பட்ட ஒரு பழைய நூலைப் படித்தபடி நூற்றாண்டு மாறுவதற்காகக் காத்திருக்கும் அவர், மனிதத் துயரைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற தம் இருபது ஆண்டு வேண்டுதல் பலித்துவிட்டது என்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1902 நவம்பரில், குடல்வால் அழற்சியால் அவரும் போய்விட்டார்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்று குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் எழுதிய மொழி அது. ஆனால் கையெழுத்துகள் கடினமானவை. தட்டச்சு வடிவம் துணைக்கு இல்லாத இடங்களில், ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. கைப்பேசியில் படிக்க முயல வேண்டாம், கண்தான் கெடும். நான் படங்களை நகரத்தில் உள்ள ஓர் அச்சகத்தில் பெரிதாக அச்செடுத்தேன். ஓரங்களில் இருந்த குறிப்புகளை அழுக்கு என்று நினைத்து அந்தத் தம்பி முதல் முறை வெட்டி நீக்கிவிட்டார், மறுபடி பணம் கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டாமல் முழுத்தாளையும் எடுக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது.

பெரிய குறை வேறொன்று. அதற்கு நூலகத்தைப் பொறுப்பாக்க முடியாது. சோதனைக்கு உட்பட்டவர்களில் பலர் ஸ்பெயினிலிருந்து பிழைப்புக்கு வந்த ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நூறு டாலர் தங்கமும், நோய் கண்டால் இன்னொரு நூறும் தருவதாக எழுதிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன; அந்தக் காலத்தில் ஒப்புதலை எழுத்தில் வாங்கியதே அரிது என்பதால் அவற்றைப் பாராட்டவும் செய்யலாம். ஆனால் அந்தத் தொழிலாளி அன்றிரவு தன் தாய்க்கு என்ன எழுதினான் என்பது இதில் இல்லை. மருத்துவரின் மனைவி கடிதத்தைப் பத்திரப்படுத்தினாள்; கூலிக்காரனின் தாய் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனெனில் என் பாட்டி அதைத்தான் செய்தாள்.

என் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். தொழிலாளர்களை வரிசையில் நிற்க வைத்து மலேரியாவுக்கான கொயினா மாத்திரையை விழுங்கச் செய்ததையும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்னால் தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றியதையும் ஊரில் இருந்த தம்பிக்கு அவர் விவரமாக எழுதுவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. லயத்தைக் காலி செய்துகொண்டு தாமானுக்கு வந்தபோது, கறையான் பிடித்தது என்று பாட்டி அவற்றை அடுப்பில் போட்டுவிட்டாள். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியதும் இதே 1900இல்தான். 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் மலேரியாவை ஒடுக்கத் தொடங்கியது புத்தகங்களில் இருக்கிறது. அந்த வடிகால்களை வெட்டியவர்களின் கடிதங்களைத் தேடித் தோட்டம் தோட்டமாகப் போன ஒரு ஹென்ச் நமக்கு வாய்க்கவில்லை.

ஐந்தில் நான்கரை கொடுக்கிறேன். பயன்படுத்துவோர் லாசியரின் கடிதங்களில் தொடங்கி, பிறகு மோரானுக்கும் ஹென்ச்சுக்கும் இடையிலான கடிதங்களுக்குப் போவது நல்லது; பெயர், தேதி, யார் யாருக்கு எழுதினார் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளாவிட்டால் இரண்டாம் நாளே வழி தவறிவிடும். அந்தத் தாளின் மறுபக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தாத்தாவோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஏழு பேர். அவர்களில் ஒருவர் வீட்டில் ஒரு பழைய டின் இருப்பதாகச் சொன்னார்.