பச்சைப் பெயின்ற் அடித்த கோழிக்கூடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒட்டுசுட்டான், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். செய்து முடித்த கோழிக்கூடுகளைப் பட்டா வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து படலையில் வைத்து விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி ஒரே இரவில் 11 கோழிகளை இழந்துவிட்டேன்.

எங்களிடம் இருந்தது அப்பா அடித்த பனஞ்சிலாகைக் கூடு. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது அடித்தது. நாலு கால், இடுப்பளவு உயரம், சிலாகைகளுக்கு நடுவில் சின்னவிரல்கூட நுழையாது. போன மாரியோடு கால்களைக் கறையான் தின்றுவிட்டது. திரும்ப அடித்துத் தர அப்பா இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வாகனம் வந்து நின்றது.

"அக்கா, இது பதினாறு கேஜ் வெல்ட்மெஷ். நரி வந்தாலும் பிய்க்கேலாது. பத்து வருசத்துக்குக் கை வைக்கத் தேவையில்லை" என்றார் விற்க வந்தவர். வெல்ட்மெஷ் என்றால் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்ட் பண்ணின வலை, கேஜ் என்பது கம்பியின் தடிப்புக்கான எண். கூடு முழுக்கப் பச்சைப் பெயின்ற், பார்க்க நல்ல வடிவு. 38,000 ரூபாய். தையல் காசில் சேர்த்ததை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "புத்தகம் கடையில கிடக்கு, நாளைக்குப் போனுக்குப் படம் எடுத்து அனுப்பிறன்" என்றார். இன்றுவரை அனுப்பவில்லை.

பதினோராவது இரவு நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடியத் தவிட்டுச் சட்டியோடு போனபோது கூட்டின் கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்பது கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. இரண்டைக் காணவில்லை. மேல் தடியில் மூன்று மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே பெட்டியில் ஒரு சிவப்புப் பேட்டை 12 முட்டையில் அடை வைத்திருந்தேன். 21 நாள் கணக்கில் அன்று பதினெட்டாவது நாள். செத்த ஒன்பதில் அதுவும் ஒன்று. பெட்டியை விட்டு எழும்பவேயில்லை, முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், முட்டைகள் குளிர்ந்து போயிருந்தன.

பின்பக்கத்து மூலையில்தான் ஓட்டை. அங்கே நிலத்தில் முழங்காலில் இருந்து பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. முன்பக்கம் மட்டும் சதுரக் கண் உள்ள வெல்ட்மெஷ். பக்கங்களிலும் பின்னாலும் அறுகோணக் கண் உள்ள சாதாரண கோழிவலை. இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயின்ற் என்பதால் படலையில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வலையைப் பலகையில் பிடித்திருந்தது ஸ்டேப்ளர் பின். மூன்று பின் கழன்று, கம்பி உள்ளே வளைந்து கிடந்தது. பெயின்றை நகத்தால் சுரண்டினேன், கீழே அப்போதே கறள்.

கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 16 கேஜ் என்றால் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். எனக்குக் கிடைத்தது 22 கேஜ் அளவில், அதில் பாதிகூட வராது. வெல்டிங் கடைக்காரர் அளந்து காட்டினார்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். "பாம்பு பூந்திருக்கும் அக்கா, அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். பாம்பு விழுங்கும், இல்லாவிட்டால் கொத்திவிட்டுப் போகும். வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) என்றாலும் பின்னைக் கழற்றிக் கோழியின் கழுத்தைக் கடித்துக் கிழிக்காது. கீரி வருவது பகலில். இரவில் வந்து இப்படிச் செய்வது மரநாய்தான் என்று அயலில் உள்ள பெரியவர்களும் சொன்னார்கள். அதை எடுத்துச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டார்.

மரநாயில் எனக்குக் கோபமில்லை. இங்கே வளவு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது, அது வரத்தான் செய்யும். முட்டைக்குள் நஞ்சு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த வீட்டு நாயும் அதைத்தான் தின்னும், பிள்ளைகளும் கையில் எடுப்பார்கள்.

மிஞ்சின மூன்றுக்கும் இப்போது அதே மரச் சட்டத்தில் அரை இஞ்சிக் கண் உள்ள வெல்ட்மெஷ் அடித்திருக்கிறேன். பின் இல்லை, வாஷர் போட்ட திருகாணி. வெளிப்பக்கம் சுற்றிவர ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை நிலத்தில் படுக்கையாக விரித்து மண்ணைப் போட்டு மூடினேன். தோண்டுகிற பிராணி கூட்டின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும், அங்கே கம்பியில் கால் முட்டினால் விட்டுவிடும். கதவுக்குக் கொளுக்கியோடு ஒரு பூட்டும். எல்லாம் சேர்த்து இன்னுமொரு 14,000 போனது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எழுத்து மூல முறைப்பாடு என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் நான் எதைக் காட்டி முறையிடுவது? காசை எண்ணுவதற்கு முன்னமே அதைக் கையில் வாங்கிவிடுங்கள். "16 கேஜ் வெல்ட்மெஷ், நாலு பக்கமும்" என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

போன கிழமை புதுக்குடியிருப்பு றோட்டில் அந்த வாகனத்தைக் கண்டேன். மேலே நாலு கூடு, அதே பச்சை. உங்கள் படலைக்கு வந்தால் கூட்டை இறக்கச் சொல்லிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மூலையில் கட்டைவிரலால் அமத்துங்கள். கம்பி உள்ளே போனால், வந்த வாகனத்திலேயே திருப்பி ஏற்றச் சொல்லுங்கள்.