எடைக்கு விற்கும் லெகோ கட்டைகள்: வாங்குமுன் கவனியுங்கள்

ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவில், பழையவற்றை எடைபோட்டு விற்கும் ஒருவரிடம் நாங்கள் ஏமாந்த கதை இது. உங்கள் பணமாவது தப்பட்டும்.

விண்கலங்களையும் விதவிதமான வண்டிகளையும் சொந்தமாக வடிவமைத்துக் கட்டுவது எங்கள் குடும்பத்தின் பொழுதுபோக்கு. துண்டுகள் ஏராளமாகத் தேவைப்படும். புதுப் பெட்டிகளாக வாங்கிக் கட்டுப்படியாகாது. 1978-இல் வெளிவரத் தொடங்கிய லெகோவின் விண்வெளி வரிசைப் பெட்டிகளின் நீல, சாம்பல் கட்டைகளும் கண்ணாடிபோன்ற மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகளும் இருப்பதாக, அனைத்தும் அசல் என்ற உறுதியோடு, இணையத்தில் ஒரு விளம்பரம் வந்தது. விற்பவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

பார்சலின் மேல்பரப்பில் மட்டும் அசல் துண்டுகள்; அடியில் முழுக்கப் போலி. மகள் கட்டிய விண்கலத்தைத் தூக்கியதுமே நீண்ட இறக்கை நடுவில் கழன்று விழுந்தது. அவள்தான் கட்டையின் மேலே வரிசையாக நிற்கும் குமிழ்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "அப்பா, இதில் எழுத்தே இல்லை" என்றாள். அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் நிறுவனத்தின் பெயர் புடைத்திருக்கும்.

குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்பது அசலின் கணக்கு. அதனால்தான் 1958-ஆம் ஆண்டுக் கட்டையும் இன்றைய கட்டையோடு பொருந்துகிறது. போலியில் உள்ள இம்மியளவு பிசகு ஒரு கட்டையில் தெரியாது. வரிசையாக அடுக்கும்போது பிசகு கூடிக்கொண்டே போய், இறக்கை வளைகிறது. சில துண்டுகளோ இறுகிக்கொண்டு கழற்ற வராமல் முறிகின்றன.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பொருந்துகிறதே சார், அப்புறம் என்ன?" என்றார். அடுத்த அழைப்பை எடுக்கவே இல்லை. வேறு நிறுவனங்கள் தங்கள் பெயரில் இத்தகைய கட்டைகளை விற்பதில் தவறில்லை. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அசல் என்று சொல்லி அசலின் விலையை வாங்குவதுதான் மோசடி.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. வந்த அன்றே மகள் அவற்றை ஆசையாக நிறவாரியாகப் பிரித்து எங்கள் டப்பாக்களில் சேர்த்திருந்தாள். பல ஆண்டுகளாகச் சேர்த்த கட்டைகளோடு போலியும் கலந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு துண்டையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்துப் பொறுக்குகிறாள்.

வாங்குமுன், குவியலைத் தரையில் கொட்டிப் பரப்பி, குமிழ் எழுத்து தெரியும்படி காணொளி அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதையும் படம் பிடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்திருக்கிறோம். அந்த விளம்பரம் அதே படங்களோடு இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.