நெட் விட்டு விட்டு வருதா: கேபிள்காரர் பெட்டியா, ஆர்ச்சரா, மைக்ரோடிக்கா?

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலக நெட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் லாரி லோடு ஏற்றி நிற்கும்போது இ-வே பில் பாதியில் தொங்கினால் எல்லாரும் என்னைத்தான் தேடுவார்கள். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எண் அழகாக வரும், ஆனால் வீடியோ கால் உடையும், ரிமோட் இணைப்பு அறுந்துபோகும். இது வேகக் குறைவு இல்லை, பாக்கெட் லாஸ், அதாவது நெட்டில் போகும் தரவுத் துண்டுகள் வழியிலேயே தொலைவது. இதைப் பிடிக்க எந்த ரவுட்டர் உதவுகிறது என்று மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் இப்போது ஓடுவது மைக்ரோடிக் கம்பெனியின் ஹெக்ஸ் ரவுட்டர், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதலில் கேபிள்காரர் தரும் பெட்டி. ஃபைபர், ரவுட்டர், வைஃபை எல்லாம் ஒன்றிலேயே. தனியாகக் காசு இல்லை, கெட்டுப்போனால் அவரே மாற்றுவார். வீட்டில் நாலு போன், ஒரு டிவி என்றால் இதுவே போதும். இரண்டாவது, டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 மாதிரியான கடை ரவுட்டர். வைஃபை நல்லா இருக்கும், போன் ஆப்பிலேயே செட் பண்ணிவிடலாம், கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கும். இந்த இரண்டைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. பாக்கெட் எங்கே தொலைகிறது என்று பெட்டி சொல்லுமா, சொல்லாதா?

தொலைவதற்கு மூன்று இடங்கள்தான் முக்கியம். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து கேபிள்காரரின் கேட்வே (அவர் பக்கத்து முதல் நுழைவாயில்) வரை, அதற்கு அப்பால். கம்ப்யூட்டரிலிருந்து கூகுளின் 8.8.8.8-க்கு மட்டும் பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்ப்பது) போட்டுக்கொண்டிருந்தால் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். மைக்ரோடிக்கில் ரவுட்டரிலிருந்தே பிங் போடலாம், எந்த இன்டர்ஃபேஸ் வழியாக, எந்த அளவு பாக்கெட் என்றும் சொல்லலாம். ஆர்ச்சரிலும் பிங் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பிழை வந்தது என்ற கணக்கு என் கையில் இருந்த ஆர்ச்சரில் இல்லை. மைக்ரோடிக்கில் வின்பாக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளைத் திறந்து ஒரு போர்ட்டை இரண்டு முறை கிளிக் செய்தால் எஃப்சிஎஸ் எரர் (சிதைந்து வந்த பாக்கெட்) எத்தனை, லிங்க் எத்தனை முறை விழுந்தது, கடைசியாக எப்போது விழுந்தது எல்லாம் இருக்கும்.

எங்கள் கணக்குப் பிரிவில் இப்படித்தான் பிடிபட்டது. அந்தப் போர்ட்டில் மட்டும் எஃப்சிஎஸ் எரர் ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு ஜிகாபிட் காட்ட வேண்டிய லிங்க் அடிக்கடி நூறு மெகாபிட்டுக்கு இறங்கியது. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டே போதும், ஆக ஒரு ஜோடி சரியில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மோட்டார் பேனல் ஓரமாகப் போன அந்தப் பழைய கேபிளை எடுத்துவிட்டு முழுத் தாமிரக் கேபிளாக வேறு வழியில் இழுத்தோம், எரர் நின்றது. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் கேபிள்காரரோடு வாரக்கணக்கில் சண்டை போட்டிருப்போம், அவர் பக்கம் தப்பே இல்லாமல்.

அப்புறம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிங் நேரம் பத்து மில்லிசெகண்டிலிருந்து முந்நூறு, நானூறு என்று ஏறி, அதன் பிறகு பாக்கெட் விழுந்தால் லைன் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கேமரா பதிவோ போன் பேக்கப்போ அப்லோடை முழுசாகத் தின்றுகொண்டிருக்கும். நேரம் ஏறாமல் திடீரென்று விழுந்தால் கேபிள், ஃபைபர், வைஃபை பக்கம் தேட வேண்டும். முதல் வகைக்கு மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் கேக் என்ற க்யூ (பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தி அனுப்பும் முறை) இருக்கிறது. லைனின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வீடியோ கால் உடைவது நின்றுவிடுகிறது. ஆனால் டிராஃபிக்கைக் குறுக்கு வழியில் விடும் ஃபாஸ்ட்ட்ராக் விதியை அணைக்காமல் சிம்பிள் க்யூவில் இதைப் போட்டால் டிராஃபிக் அதைத் தாண்டிப் போய்விடும், க்யூ இருந்தும் பயனில்லை.

கேபிள்காரர் பெட்டிக்கு ஒரு விஷயத்தில் மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஃபைபரில் வரும் ஒளியின் பலம், அதாவது ஆப்டிகல் பவர், அதில்தான் தெரியும். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் வழக்கமான பி பிளஸ் வகைக்குக் கீழ் எல்லை மைனஸ் 27 டிபிஎம். மைனஸ் 25-க்குக் கீழே போனாலே நான் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன். கம்பத்தில் ஃபைபர் மடங்கினாலோ சாலை வேலையில் வெட்டுப்பட்டு அவசரமாக ஒட்டினாலோ இந்த எண்தான் முதலில் இறங்கும். அதனால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை ஹெக்ஸிடம் விட்டுவிடும் நிலை) வைத்துவிட்டு, ஹெக்ஸின் முதல் போர்ட்டுக்குப் பெட்டியின் வரிசையிலேயே ஒரு ஐபி கொடுத்து மாஸ்கரேடும் (அலுவலகக் கம்ப்யூட்டர்களின் முகவரியை ஹெக்ஸின் ஐபியாக மாற்றும் விதி) போட்டால், அதன் பக்கத்தை அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்தே திறக்கலாம். பிரிட்ஜ் மோடுக்கும் லைனில் லாகின் ஆகும் பிபிபிஓஇ பாஸ்வேர்டுக்கும் சில கேபிள்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள், ஹெக்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஹெக்ஸின் குறைகளும் சின்னதில்லை. வைஃபை கிடையாது, தனி ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். நான் பழைய ஆர்ச்சரையே அதற்கு வைத்திருக்கிறேன். நெட்வொர்க் அடிப்படை தெரியாதவர் தொட்டால் குழம்பிவிடுவார், பக்கத்தில் தெரிந்த ஆளும் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரிலும் இதே மாதிரிக் கணக்குகள் பார்க்கலாம், ஆனால் அதை நான் வீட்டில் மட்டும்தான் கொஞ்ச காலம் ஓட்டினேன், ஆலை மாதிரி இடத்துக்குத் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு லைனைச் சேர்த்து ஓட்டுவதிலும் எனக்குப் பழக்கம் குறைவு.

கோடை இடியில் இங்கே போர்ட் எரிவது சகஜம், எனவே எந்தப் பெட்டி எரிந்தாலும் மறுபடி எழுப்ப எவ்வளவு நேரம் என்பதையும் பாருங்கள். மைக்ரோடிக்கில் எக்ஸ்போர்ட் கட்டளை, ரவுட்டருக்குள் நுழையும் பயனர் பாஸ்வேர்டு, சான்றிதழ் போன்றவை தவிர, கிட்டத்தட்ட மொத்த அமைப்பையும் எழுத்துக் கோப்பாகத் தரும். பதிப்பு 7-இல் பிபிபிஓஇ மாதிரியான பாஸ்வேர்டுகளையும் அது தானாகவே விட்டுவிடும், அதனால் ஷோ-சென்சிட்டிவ் என்று சேர்த்து எடுத்து, அந்தக் கோப்பை வெளியே யார் கையிலும் போகாத இடத்தில் வையுங்கள்.