மாற்றம் வரும்போது: அறிவிப்பதா, கலந்து பேசுவதா?

வேலை முறை மாறப்போகிறது. மேலாளர் முடிவெடுத்து அறிவித்தால் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம்தான் முணுமுணுப்பு தொடங்கும். குழுவோடு கலந்து பேசி மாற்ற நாள் பிடிக்கும், பொறுமையும் வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்வுட் பைஜாமா ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்து 1948-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வித்தியாசத்தைக் கண்கூடாகக் காட்டியது. அறிவிப்பை மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி சரிந்தது. முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். திட்டமிடுவதில் எல்லோரும் பங்கேற்ற குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூடப் போகவில்லை. வேகமும் சீக்கிரம் மீண்டது.

பாதுகாப்புக் கோளாறு போன்ற அவசரத்தில் சரி, உத்தரவே போதும். மற்றபடி நான் கலந்து பேசுவதன் பக்கம்தான். ஆனால் முடிவை எடுத்து வைத்துவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். ஆட்குறைப்பு உறுதி என்றால் அதை நேராகச் சொல்லிவிட்டு, எப்போது, எப்படி என்பதைப் பேச விடுங்கள்.