கொக்கியா, ஊசியா, கத்தரிக்கோலா?

ஜூலையில் குளிர்கால விடுமுறை வந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கரும்பலகைக்கு வேலை இருக்காது. பள்ளி இல்லாத பிள்ளைகளோடு அவர்களுடைய பாட்டிகளான ஆயாக்களும் வந்துவிடுவார்கள். மேசை முழுக்கக் கம்பளி நூலும் ஃபெல்ட் துணியும் பரவிக் கிடக்கும். டர்பன் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை. பகல் வெயில் 20 டிகிரியைத் தாண்டிவிடும். ஆனாலும் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார இந்த ஊரில் ஆண்டுக்கு ஏழெட்டு வாரம்தான் வாய்க்கிறது. பிப்ரவரியில் நூலுண்டையைத் தொட்டாலே உள்ளங்கை வியர்த்து, நூல் கொக்கியோடு ஒட்டிக்கொள்ளும்.

"புதிதாகக் கற்றுக்கொள்கிறேன், எதில் தொடங்கட்டும்?" என்று கேட்பவர்களுக்கு நான் பல வருடமாக யோசிக்காமல் சொல்லிவந்த பதில், ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷா. போன குளிர்காலத்தில் ஐந்து விதமான வேலைகளை ஒரே மேசையில் வைத்து, யார் எதை எடுக்கிறார்கள், எதைப் பாதியில் போடுகிறார்கள் என்று நான்கு சனிக்கிழமை பார்த்தேன். பதிலை மாற்றிக்கொண்டேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. எங்கள் வகுப்பிலேயே ஒத்துக்கொள்ளாத ஆயா ஒருவர் இருக்கிறார். அவர் பிறகு வருவார்.

முதலில் நூல். இது கம்பளிக்குப் பேர்போன நாடு. 1789இலேயே மெரினோ ஆடுகள் இங்கே வந்து இறங்கிவிட்டன. மொஹேர் என்னும் மென்மையான ஆட்டுமயிரின் உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி தென்னாப்பிரிக்காவுடையது. அந்த மொஹேருக்கு உரிய அங்கோரா ஆடு வந்த கதை சுவையானது. 1838இல் துருக்கியிலிருந்து பன்னிரண்டு கிடாக்களையும் ஒரு பெண் ஆட்டையும் கப்பலேற்றினார்கள். இனம் வெளியே போய்விடக் கூடாது என்று அந்தக் கிடாக்களை முன்பே மலடாக்கி அனுப்பியிருந்தார்கள். பெண் ஆடு சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது வழியிலேயே ஒரு கிடாக்குட்டியை ஈன்றது. இவ்வளவு பெருமை இருந்தும், நம் ஊர்க் கடை அலமாரியில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். 100 கிராம் உண்டை, உறையில் நூலின் தடிமனைக் குறிக்கும் டபுள் நிட் என்ற பெயர் போட்டிருக்கும்.

அதற்காக வருத்தப்பட வேண்டாம். தொடங்குகிறவருக்கு அக்ரிலிக்கே போதும். விலை குறைவு, சலவை இயந்திரத்தில் போடலாம், பூச்சி அரிக்காது. மொஹேர் தொட்டால் மேகம் போல இருக்கும், ஆனால் தப்பாகப் போட்ட பின்னலைப் பிரிக்கும்போது மயிரும் மயிரும் கவ்விக்கொண்டு வரவே வராது. இன்னொன்று: முதல் உண்டை கறுப்பிலோ கருநீலத்திலோ வேண்டாம். கண்ணி எங்கே என்று தெரியாமல் கண்தான் போகும்.

இனி நிட்டிங்கும் குரோஷாவும். இரண்டையும் ஒரே குடும்பம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் சுபாவமே வேறு. நிட்டிங்கில் இரண்டு ஊசி; பின்னுகிற அகலம் எவ்வளவோ அத்தனை கண்ணிகளும் ஊசிமேல் உயிரோடு உட்கார்ந்திருக்கும். முப்பதில் ஒன்று நழுவினாலும் அது வரிசை வரிசையாகக் கீழே இறங்கி ஏணி மாதிரி ஓட்டை விட்டுவிடும். அதைக் கொக்கியால் மேலே ஏற்றத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. தெரியாதவர் ஊசியோடு சேர்த்து மூலையில் வைத்துவிடுகிறார். குரோஷாவில் ஒரே கொக்கி, எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே வளையம். தப்பு என்றால் கொக்கியை உருவிவிட்டு நூலை இழுக்க வேண்டியதுதான், வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். மின்வெட்டு நேரத்தில் பேட்டரி விளக்கின் அரைவெளிச்சத்திலும் கொக்கி ஓடும். விரலுக்கே வழி தெரிந்துவிடுகிறது. நிட்டிங் மெல்லிய, இழுபடும் துணியைத் தரும், நூலும் குறைவாகச் செலவாகும், ஸ்வெட்டருக்கு அதுதான் அழகு. ஆனால் முதல் வேலையாக அதை யாருக்கும் நான் தரமாட்டேன். எங்கள் மேசையில் நிட்டிங் எடுத்த நான்கு பேரில் மூன்றாவது வாரம் மிஞ்சியவர் ஒருவர், அவரும் முன்பே பின்னத் தெரிந்தவர்.

குரோஷாவில் எனக்கு ஆச்சரியம் தந்தது பூத்தொடுக்கும் கைகள். எங்கள் ஆயாக்களில் பலர் ஒரு காலத்தில் டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்குக் கொக்கி புதிது. நேர்கோட்டில் வேகமாக ஓட்டிப் பழகிய கை நூலை இறுக்கிப் பிடித்துவிடுகிறது, அடுத்த சுற்றில் கொக்கி உள்ளே நுழையவே இடமில்லை. ஆனால் கோயிலுக்கு மாலை கட்டுகிற ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே சரியான தளர்வைப் பிடித்துவிட்டார். பூவின் காம்பு நசுங்காமலும் முடிச்சு நழுவாமலும் நூலை இழுத்துப் பழகிய விரல் அல்லவா. அவருக்கு நான் சொன்னது, "முடிச்சை இறுக்காமல் விடுங்கள், அவ்வளவுதான்" என்பது மட்டுமே.

செய்து பார்க்க நல்லது கிரானி ஸ்கொயர் என்னும் சதுரம். 4 மில்லிமீட்டர் கொக்கி, டபுள் நிட் நூல். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மூன்று மூன்று கால்களாகக் கொத்து, நான்கு மூலையிலும் இரட்டைக் கொத்து. "ஒன்று, இரண்டு, மூன்று, மூலை" என்று எண்ணிக்கொண்டே போட்டதில், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு எண்கள் பாடமாகிவிட்டன. வகுப்பின் நோக்கம் அதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள், எச்சரித்துவிடுகிறேன். இங்கே அச்சாகும் பின்னல் தாள்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகின்றன. இணையத்தில் பார்க்கிற காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வழக்கு. இரண்டிலும் பெயர் ஒன்று, பின்னல் வேறு. பிரிட்டிஷ் தாளில் டபுள் குரோஷே என்றால் குட்டையான பின்னல். அதே பெயர் அமெரிக்கக் காணொளியில் வந்தால் உயரமான பின்னல், பிரிட்டிஷ்காரர் அதை டிரெபிள் என்பார். ஒரு பெண் வீட்டில் காணொளி பார்த்தும் வகுப்பில் என் தாளைப் பார்த்தும் ஒரே பையைப் பின்னி வந்தாள். பையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட இரண்டு விரல்கடை உயரம். "டீச்சர், சாய்வான பை" என்று சிரித்தாள். தாளில் சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அமெரிக்க வழக்கு, பிரிட்டிஷ் வழக்கில் அந்தப் பெயரே கிடையாது. இந்த அடையாளம் போதும்.

குரோஷாவின் உண்மையான சிக்கல் பின்னலில் இல்லை, முடிவில் இருக்கிறது. இந்த நாட்டில் கொக்கி எடுத்தவர் எல்லோருக்கும் போர்த்திக்கொள்ளும் கம்பளம் பின்னும் ஆசை வந்துவிடும். அதற்குக் காரணமும் உண்டு. மண்டேலா பொதுவாழ்வில் செலவிட்ட 67 ஆண்டுகளின் கணக்கில், அவருடைய பிறந்தநாளான 2014 ஜூலை 18க்குள் 67 கம்பளங்கள் பின்னித் தர முடியுமா என்று அவருடைய முன்னாள் உதவியாளர் ஸெல்டா லா கிரான்ஜ், கேரலின் ஸ்டெய்ன் என்பவரிடம் சவால் விட்டார். கேரலின் ஊரையெல்லாம் கூப்பிட்டார். அதுவே பெரிய இயக்கமாகிவிட்டது. இன்றும் ஜூலை வந்தால் யாராவது சதுரம் கேட்டு வருகிறார்கள். 20 சென்டிமீட்டர் சதுரம் என்றால் எட்டுக்கு எட்டு, 64 சதுரத்தில் 160 சென்டிமீட்டர் கம்பளம். என் சமையலறைத் தராசில் ஒரு சதுரம் 20 கிராம் காட்டியது. கணக்குப் போட்டால் பதின்மூன்று உண்டை. புதியவர் ஒருவருக்கு முதல் சதுரம் ஒரு மாலை நேரத்தைத் தின்றுவிடும். பதினொன்றாவது சதுரத்தில் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஜூலை இரவில் நடுங்குகிற யாருக்கோ போய்ச் சேர வேண்டிய கம்பளம், டர்பனில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தூங்குகிறது.

ஃபெல்ட் துணி இந்த இடத்தில்தான் முந்துகிறது. ஃபெல்ட் நெய்த துணி அல்ல. பாவும் ஊடும் கிடையாது, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் படிந்த தகடு. ஆகவே வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். இந்த ஒரு குணத்தால் தையலில் பாதி வேலை போய்விடுகிறது.

நாங்கள் செய்தது மாவிலைத் தோரணம். உண்மையான மாவிலைக்கு டர்பனில் பஞ்சமில்லை, பக்கத்து வீட்டு வேலிக்கு மேல் எட்டிப் பறிக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் சுருண்டு, நான்காம் நாள் காய்ந்து சத்தம் போடும். ஒருமுறை அட்டையில் இலை வெட்டி அதை அச்சாக வைத்துக்கொண்டால் பச்சை ஃபெல்ட்டில் இருபது இலை அரை மணி நேரத்தில். இலையை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்பின் விளிம்பை ஒட்டி, அரிசி அகலம் உள்ளே தள்ளி, நுனி வரை ஓட்டுத்தையல் போடுங்கள். விரித்துப் பார்த்தால் நடு நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். ஏழு வயதுப் பையன் ஒருவன் அதை விரித்தபோது தன் கையைத் தானே நம்பாமல் இன்னொரு முறை மடித்து விரித்தான். மேல் ஓரத்தைக் கயிறு மேல் மடித்து, காஜா தையலின் தாராளமான தங்கையான பிளாங்கெட் தையலால் கட்டினால் முடிந்தது. அன்று மாலையே வாசலில் தொங்கியது.

குறை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்து மொட்டைக் கத்தரிக்கோல் ஃபெல்ட்டை வெட்டாது, மெல்லும். வீட்டில் உள்ள நல்ல துணிக் கத்தரிக்கோலைத் தர மனம் வர வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ஃபெல்ட். அதில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது. கசங்கிய நாலு இலையை நேராக்கப்போய், பச்சைக் கறை படிந்த இஸ்திரிப் பெட்டியோடு நான் நின்ற கதையை விட்டுவிடுவோம். பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் பசை கேட்பார்கள். கொடுக்காதீர்கள், பசையில் நரம்பு புடைக்காது.

பாம்பாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முள்கரண்டியில் நூலைச் சுற்றி, நடுவே கட்டி, இருபுறமும் வெட்டினால் பந்து. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து சுற்றினால் அச்சு அசல் துலுக்கச் சாமந்தி. காவடி நாளில் இங்கே தெருவெல்லாம் பார்க்கிற பூ. நடுக்கட்டுக்கு மட்டும் அதே அக்ரிலிக் நூலைப் பயன்படுத்தாதீர்கள், அது இழுபட்டு முடிச்சு நெகிழும். தடித்த பருத்தி நூல்தான் பிடிக்கும். ஐந்து வயதுக்கும் வரும், எழுபது வயதுக்கும் வரும். ஆனால் பாம்பாமிலிருந்து அடுத்து எங்கே போவது? எங்கும் போக முடியாது. நூறு பாம்பாம் செய்தவருக்கு நூற்றொன்று செய்யத் தெரியும்.

மிச்சம் இருப்பது கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திக் குத்தி உருவம் செய்கிற நீடில் ஃபெல்டிங். யானை, குருவி, பிள்ளையார் எல்லாம் வரும். ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன்செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. முனையில் சிறு வெட்டுகள் உள்ள முக்கோண ஊசி அந்த இழைகளை இழுத்து ஒன்றோடொன்று கோத்துவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கசக்கினாலும் அதே செதில்கள் கவ்விக்கொள்ளும். இதை நான் விரும்பிக் கற்கவில்லை. மெரினோ நூலில் பின்னிய ஒரு தொப்பியைத் தெரியாமல் துணிகளோடு சுடுதண்ணீரில் சலவைக்குப் போட்டேன், வெளியே வந்தது தேங்காய்ச் சிரட்டைக்குப் போடத்தக்க தொப்பி. அழுத பிறகு அதை வெட்டிப் பார்த்தேன், ஓரம் பிரியவில்லை. இப்போது அது என் குண்டூசி மெத்தை.

அந்த ஊசி வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிள்ளைகள் சூழ்ந்த மேசைக்கு அது ஆகாது. ஊசி நேராக இறங்கி நேராக ஏற வேண்டும், கொஞ்சம் சாய்த்து நெம்பினால் பட்டென்று ஒடியும். கண் அந்தப் பக்கம் போனால் விரலில் இறங்கும். முதல் அரை மணியில் மூன்று ஊசி, இரண்டு பிளாஸ்திரி. மாலை மூன்று மணிக்கு அந்தப் பெட்டியை மூடி உயரத்தில் வைத்துவிட்டேன். பெரியவர்கள் தனியாக, கீழே தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, அவசரமில்லாமல் செய்ய வேண்டியது.

ஆக, இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் சனிக்கிழமை ஃபெல்ட் மாவிலை. ஒன்றை முடித்து மாட்டிய கைக்கு அடுத்த வாரம் கொக்கியைக் கொடுங்கள், ஒரே ஒரு சதுரம், அதை டம்ளர் வைக்கும் விரிப்பாக முடித்துவிடுங்கள். கம்பளப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஒத்துக்கொள்ளாத ஆயா முதல் நாளே கொக்கியை எடுத்தவர், மாவிலையைத் தொட மறுத்தவர். "காகிதம் வெட்டுகிற வேலை, பிள்ளைகளுக்குக் கொடு" என்றார். இருபத்து மூன்று சதுரம் முடித்திருக்கிறார். நூல் வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் சாயத் தொகுதி எண்ணைப் பார்த்து ஒரே எண்ணில் வாங்குங்கள் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவருடைய வெள்ளை தீர்ந்துவிட்டது, அதே எண் எந்தக் கடையிலும் இல்லை. புது வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் பழையது பால் போலவும் புதியது சுண்ணாம்பு போலவும் தெரிகிறது.

"ஓரத்துச் சதுரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் ஆயா, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, நான்கு சதுரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.