எல்லாக் கோடும் தெரிந்தாலும் நம்பாதீர்கள்: சிறுநீர்ப் போதைச் சோதனைக் கோப்பை

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பல போதைப்பொருள்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் சிறுநீர்க் கோப்பை எங்கள் அன்றாடக் கருவி. வீட்டில் சோதிக்கவும் இது விற்கப்படுவதால், பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கையாள எளிது; மூடி கசிவதில்லை. பக்கவாட்டு வெப்பப் பட்டை 32 முதல் 38 டிகிரிக்குள் காட்டினால் சிறுநீர் புதிது. ஐந்து நிமிடத்தில் முடிவு தெரியும். ஒரு போதைப்பொருளுக்குரிய பட்டையில் கோடு தோன்றினால் அது 'இல்லை', தோன்றாவிட்டால் 'இருக்கலாம்'. பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கஞ்சா, கொக்கைன் போன்றவற்றுக்கு முதல்கட்டச் சோதனையாக இது நன்றாகவே உதவுகிறது.

என் கோபமெல்லாம் கேத்தினோன் எனப்படும் செயற்கை ஊக்கிகள், அதாவது உடலையும் மூளையையும் முடுக்கிவிடும் போதைப்பொருள்கள், விஷயத்தில்தான். ஆம்பெட்டமினும் ஓர் ஊக்கிதான்; அதற்கான பட்டையில் தடவப்பட்ட எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), ஆம்பெட்டமினின் வடிவத்தைப் பிடிக்கத் தயாரானது. மெஃபெட்ரோன், எம்டிபிவி, ஆல்ஃபா-பிவிபி ஆகிய கேத்தினோன் வகைகள் பெரும்பாலும் அதில் சிக்குவதில்லை. 'குளியல் உப்பு', 'மனிதர் உட்கொள்வதற்கு அல்ல' என்று எழுதிய பொட்டலங்களில் வருபவை இவையே. ஒன்றுக்குத் தடை வந்தால், மூலக்கூறைச் சற்றே மாற்றி அடுத்ததை இறக்கிவிடுகிறார்கள். மாறாக, மனச்சோர்வுக்குப் புப்ரோபியான் சாப்பிடும் ஒருவருக்கு ஆம்பெட்டமின் 'இருக்கலாம்' என்று இதே கோப்பை காட்டக்கூடும்.

ஓர் இளைஞனை அழைத்து வந்தார்கள். உடல் வெப்பம் 41 டிகிரி. நாடி தெறித்து ஓடியது. சுவருக்குள்ளிருந்து ஆட்கள் வருவதாக அலறினான். கோப்பையிலோ எல்லாக் கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. "அப்படியென்றால் தம்பி எதையும் எடுக்கவில்லைதானே சிஸ்டர்? வெறும் காய்ச்சல்தானே?" என்றார் அவன் அண்ணன். அந்த நிம்மதியில், தம்பியின் பையில் கண்டெடுத்த பொட்டலத்தைப் பற்றி அவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. மருத்துவர் கோப்பையை ஒதுக்கிவைத்து உடலைப் பார்த்ததால் அவன் பிழைத்தான். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. பென்சோடையசிபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து அடக்குவதும், பனிக்கட்டியால் குளிர்விப்பதும், நரம்பு வழியே திரவம் ஏற்றுவதும்தான் சிகிச்சை. கட்டிப்போட்டால் திமிறத் திமிற உடற்சூடு மேலும் ஏறும். அவனுக்கு அதற்குள் தசைகள் சிதையத் தொடங்கிவிட்டன. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சில நாள்கள் டயாலிசிஸ் தேவைப்பட்டது.

பொட்டலத்தில் இருந்தது என்னவென்று சொல்ல மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் முறை) வசதியுள்ள ஆய்வகம் வேண்டும். அந்த முடிவு வரும் வரை நோயாளியின் உடல் காத்திருக்காது. ஆகவே, பிள்ளை கட்டுக்கடங்காத பதற்றத்துடன், கொதிக்கும் உடம்புடன் இருந்தால் கோப்பையைத் தேடாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். மிச்சமிருக்கும் பொடியையும் உறையையும் கையோடு கொண்டுவந்து மருத்துவரிடம் கொடுங்கள்.

தயாரிப்பாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். எவற்றைக் கண்டறியாது என்பது உள்ளிருக்கும் மடிப்புத்தாளில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை மூடியின் மேலேயே அச்சிடுங்கள். எங்கள் பிரிவுக்கு வரும் கோப்பைகளில் இப்போது நானே எழுதி ஒட்டுகிறேன்: "கேத்தினோன் வகைச் செயற்கை ஊக்கிகளை இது பெரும்பாலும் காட்டாது."