எஸ்.எம்.பி.எஸ். சோதிக்க டெஸ்டரா, ஹெட்லைட் பல்பா?

வட சென்னை கல்மண்டபம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் போன மாதம் தன் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது பவர் சப்ளை பெட்டியை, கழற்றி எடுத்து வந்தார். "அண்ணே, எக்ஸ்போர்ட் போட்டா பாதியில ரீஸ்டார்ட் ஆவுது. கடையில டெஸ்டர்ல மாட்டிப் பார்த்துட்டு நல்லாருக்குன்னுட்டாங்க." என்னிடமும் எல்.சி.டி. டெஸ்டர் உண்டு. மாட்டினேன். 12.1, 5.0, 3.3 வோல்ட், எல்லாமே சரியாகத்தான் காட்டியது.

டெஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைச் செருகினால் வேலை முடிந்தது, ஒயர் மாற வழியில்லை. பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் எல்லாம் நிலையாகிவிட்டது என்று எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குச் சொல்வது) எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்றும் காட்டும். 100 முதல் 500க்குள் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் அந்த நேரத்தை அளக்க முடியாது.

ஆனாலும் நான் நம்புவது மல்டிமீட்டரையும் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பையும்தான். காரணம் லோடு, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸிடமிருந்து இழுக்கும் கரண்ட். டெஸ்டர் இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. அவ்வளவு குறைந்த கரண்ட் என்றால், தளர்ந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.கூட 12 வோல்ட் கொடுத்துவிடும். பவரை அணைத்துவிட்டு, 24 பின்னில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒயர் துண்டால் இணைத்தேன், மதர்போர்டு இல்லாமலே ஆன் ஆவதற்காக (எல்லாமே கறுப்பாக இருந்தால் பச்சையின் இடம் 16ஆம் பின்). மோலெக்ஸ் என்னும் நாலு பின் கனெக்டரின் மஞ்சள் (12 வோல்ட்), கறுப்பில் பல்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது, ஏறக்குறைய 4.6 ஆம்பியர். மீட்டரில் முதலில் 11.7 வோல்ட். இரண்டு நிமிஷத்தில் 11.1க்கு இறங்கிவிட்டது. 11.4க்குக் கீழே போகவே கூடாது.

அதோடு விடக் கூடாது. ராயபுரம், காசிமேடு உப்புக் காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிடும். அங்கே 0.1 ஓம் தடை ஏறினாலே இந்தக் கரண்டில் அரை வோல்ட் போய்விடும். கரண்ட் ஓடாவிட்டால் அது தெரியவே தெரியாது. அதனால் பல்பின் முனையில் ஒருமுறை, சும்மா தொங்கும் வேறொரு கேபிளில் ஒருமுறை அளப்பேன். பல்பு முனையில் மட்டும் குறைந்தால் கனெக்டர் கோளாறு. தம்பியுடையதில் இரண்டு இடத்திலும் 11.1தான், அதனால் கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயேதான்.

பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும். அதனால் சில யூனிட் கிளம்பாமல் நின்றுவிடும். உடனே பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் பல்பு சூடேறிக் கொதிக்கும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

நான் பார்த்ததெல்லாம் 450, 500 வாட் யூனிட்கள். 850 வாட்டுக்கு ஒரு பல்பு எந்த மூலைக்கு? ரிப்பிள், அதாவது வோல்டேஜில் வேகமாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், பார்க்க ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். இந்த இரண்டு வழியிலும் அது தெரியாது.

தம்பி புதுசு மாட்டிவிட்டார். அதற்கப்புறம் மூன்று கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டாயிற்று, ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை.